லீக்ஸ் மூட்டை வந்த வழி

2023 ஜனவரி 13, வெள்ளி. கோச்சியில்

கொழும்புக் கோட்டையில் விடிய 5.55க்கு வெளிக்கிடும் பொடி மெனிக்கே ரயிலில், பொங்கல் வாரத்தில் உட்கார இடம் கிடைப்பது நடக்கிற காரியமில்லை. மூன்றாம் வகுப்பில் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் என் பைக்கு மேலேயே உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். சுற்றிவர நிற்பவர்களில் பெரும்பாலானோர் புறக்கோட்டைத் துணிக்கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் மலையகத்துப் பொடியன்கள். ஒவ்வொருவன் காலடியிலும் ஒரு பை. தங்கச்சிக்குச் சட்டை, அம்மாவுக்குச் சேலை, யாருக்கோ ஒரு டோர்ச். தீபாவளிக்கு நீங்கள் ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். காஸ் இல்லாமல் கடையைப் பூட்டிவிட்டார்களாம், சம்பளம் இல்லையாம். "வெறுங்கையோட போக வெக்கமா இருந்துச்சுக்கா. இந்தவாட்டி அரைச் சம்பளமாச்சும் குடுத்தாங்க, அதான் போறோம்" என்றான் ஒருவன்.

நான் போவது தலவாக்கலைக்கு. காரணம் ஒரு லீக்ஸ் மூட்டை.

கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் எனக்கு ஒப்புநோக்கும் வேலை. புத்தகம் கட்டும் பகுதியில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் இருந்தார். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள் அல்லவா, அப்போது எங்கள் அச்சகம் என்ன பாடுபட்டிருக்கும்! ஏப்ரலில் கட்டும் பகுதியை மூடினார்கள். அக்கா ஊருக்குப் போய்விட்டார். பிழை பார்க்க ஏதாவது ஒரு தாள் வந்துகொண்டிருந்ததால் நான் அரைச் சம்பளத்தில் தப்பினேன்.

பிறகு வந்த மாதங்களை இலங்கையில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸில் விறகு மூட்ட விடமாட்டார்கள், காஸ் சிலிண்டர் வெறுமையாகக் கிடந்தது, மண்ணெண்ணெய்க்கு வரிசை. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அந்த நாட்களில் ஒரு விடியற்காலை, இரவு மெயில் கோச்சியில் வந்திறங்கிய புறக்கோட்டைக் கடைப் பொடியன் ஒருவன் கேற்றடியில் ஒரு மூட்டையை வைத்துவிட்டு, "அக்கா குடுத்துவிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். லீக்ஸ், கரட், பீட்ரூட், ஒரு பெரிய கோவா (முட்டைக்கோசு). பிறகும் வந்தது. வந்துகொண்டே இருந்தது. மாடியில் இருந்தவர்களுக்கும் பக்கத்து வளவுக்கும் அம்மா பங்கு வைத்துக் கொடுத்தார். ஒழுங்கை முழுக்க லீக்ஸ் மணத்தது.

வேலை போனது அக்காவுக்கு, மூட்டை வந்ததோ எங்களுக்கு. இந்தக் கணக்கு எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. பொங்கலுக்கு வரச் சொல்லி அக்கா கூப்பிட்டதும் பால்மா, சேலை, சர்க்கரை, கஜு, அம்மா செய்த பயத்தம் பணியாரம் எல்லாம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஜன்னல் காட்சியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். வாசலில் கால் தொங்கப்போட்டுப் படமெடுக்கும் வெள்ளைக்காரர்கள் திரும்ப வந்துவிட்டார்கள் என்பது மட்டும் செய்தி. ஹட்டன் தாண்டியதும் வரும் சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கும் மேல். இருட்டுக்குள் நுழைந்ததும் பொடியன்கள் எல்லாரும் ஒருசேரக் கூச்சல் போட்டார்கள். கடையில் ஒரு வருஷம் முழுக்க வாய் திறக்காமல் நின்றவர்களாக இருக்கும். நானும் கொஞ்சம் கத்தினேன்.

ஜனவரி 14, சனி

சிக்னல் கிடைப்பது லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, மேலே தண்ணீர்த் தாங்கியடியில் மட்டும். அங்கேதான் குளிரில் நிற்கிறேன்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா என்கிற ஒற்றை அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, பின்னால் குசினி. வெள்ளைக்காரன் காலத்து லயம். இஸ்தோப்பில் நத்தார் நட்சத்திரம் இன்னும் தொங்குகிறது. அடுத்த காம்பராக்காரர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், கம்பி இந்தப் பக்கத்து ஆணியில். எங்கள் நட்சத்திரம் என்றுதான் அக்காவின் மகள் சொன்னாள்.

கொண்டுவந்த சாமான்களைக் கூச்சத்தோடு எடுத்து வைத்தேன். "ஏன் இதெல்லாம்" என்று ஒரு தடவையாவது சொல்வார்கள், நானும் "பரவாயில்லை" என்பேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அக்காவின் அம்மாவை, எல்லாருக்கும் அவர் அம்மாயிதான், நடுவில் உட்கார்த்தினார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். பால்மாவில் ஒரு பக்கற் கடைசிக் காம்பராப் பிள்ளைத்தாய்ச்சிக்கு. கஜுவும் சர்க்கரையும் பொங்கலுக்குப் பொதுவில். சேலை தனக்கு. பணியாரத்தில் ஒன்றைக் கடித்து, "கல்லாட்டம் இருக்கு, ஆனா ருசி" என்றார்.

அவர் 15 வயதில் கூடை கட்டியவர். கடந்த இரண்டு வருஷத்துக் கதையை அவர் வாயால் கேட்டபோதுதான் பத்திரிகையில் நான் பிழை திருத்திய செய்திகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்தார்கள். அந்த வருஷ முடிவுக்குள் தடையை எடுத்தாலும், உரம் வாங்க முடியாத விலைக்குப் போயிருந்தது. உரம் போடாத மலையில் கொழுந்து துளிர்க்கவில்லை. அதே 2021 மார்ச்சில்தான், நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு, நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆகியிருந்தது. ஆனால் முழுப் பேர் விழ, அதாவது முழுநாள் சம்பளம் பதிய, குறித்த அளவு கொழுந்து காட்ட வேண்டும்.

"ஆயிரம் ஆயிரம்னாங்க. மலையில கொழுந்து இருந்தாத்தானே பேரு விழும்? கிலோ கொறஞ்சா அரைப் பேரு. அரைப் பேரு சம்பளத்துல ஒரு கிலோ மாவு" என்றார் அம்மாயி. கோதுமை மா கிலோ 400 ரூபாயைத் தொட்ட நேரம் அது. இங்கே ரொட்டிதான் காலைச் சாப்பாடு, மலைக்குக் கொண்டுபோவதும் அதுதான். 2022 இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 25 கோடி கிலோ, முந்திய வருஷம் 30 கோடிக்குக் கிட்ட. இந்த இரண்டு எண்ணையும் நான் செய்தியில் சரிபார்த்ததாக ஞாபகம். காற்புள்ளியைத்தான் பார்த்திருப்பேன், அரைப் பேரை எங்கே பார்த்தேன்?

கொழும்பிலிருந்து திரும்பிய அக்கா, விட்டுப்போன தோட்ட வேலைக்கே, கிலோக் கணக்கில் கூலி வாங்கும் கைக்காசுக் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார். பத்து வருஷத்துக்குப் பிறகு படங்குச் சாக்கு கட்டியது இடுப்பில் புண்ணாகிவிட்டதாம். அந்த நேரத்தில்தான் எங்களுக்கு மூட்டை வந்தது என்று நான் சொல்லத் தொடங்கினேன். கொஞ்சம் கண் கலங்கியும் விட்டது.

அம்மாயி சிரித்துவிட்டார். "அட புள்ள, அழாத. டீசல் இல்லாம லொறி வரல்ல. வெளஞ்ச மரக்கறி எல்லாம் பாத்தியிலயே அழுகுது. வெலையே இல்ல. மாட்டுக்குப் போட்டோம், போட்டோம், அது தின்னு சலிச்சுப் போச்சு. அப்புறந்தான் இவ சொன்னா, கொழும்புல மிஸ் இருக்காங்கன்னு."

மாட்டுக்கு மிஞ்சியதுதான் எங்களுக்கு வந்தது. மாதக்கணக்காக நான் நெஞ்சில் சுமந்து திரிந்த நன்றிக்கடனின் கதை இவ்வளவுதான். அக்கா, "அம்மா, சும்மா இரு" என்று அதட்டினார். நான் சிரித்துச் சிரித்து இருமினேன்.

ஆனால் மாடு தின்னாததை எல்லாம் கொழும்புக்கு அனுப்ப எத்தனை பேர் வேண்டியிருந்தார்கள் என்றும் இன்றுதான் தெரிந்தது. லீக்ஸ் ஒரு வீட்டுப் பாத்தி, கரட் இன்னொரு வீடு, கோவா தோட்டத் தலைவர் வீடு. சாக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயம்மா கொடுத்தது. எண்ணெய் இல்லாத ஆட்டோவில் வைத்து டவுனுக்குத் தள்ளிக்கொண்டு போனது இரண்டு பொடியன்கள், இறக்கம்தானே என்று. இந்த லயத்தில் எத்தனை பேருக்கு என் அம்மாவின் நீரிழிவு அளவு தெரிந்திருக்கிறது என்று எண்ணினால் பயமாயிருக்கிறது.

பின்னேரம் தலவாக்கலை டவுனுக்குப் பானை வாங்கப் போனோம். கரும்பு, மஞ்சள் கொத்து, சனம். நெரிசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அச்சகத்தில் என்னை "மிஸ்" என்பவர், இங்கே வந்த நேரத்திலிருந்து "தங்கச்சி" என்கிறார். சென்கிளயர் அருவி மெலிந்து விழுவதைத் தூரத்தில் காட்டினார். மேல்கொத்மலை மின்திட்டம் வந்தபிறகு தண்ணீரை அளந்துதான் விடுகிறார்களாம். மின்சாரத்துக்காக அருவியைக் கொடுத்த ஊரில் இன்று இரண்டு மணி இருபது நிமிட மின்வெட்டு. இப்போதும் அதுதான் நடக்கிறது. போன் 11 சதவீதம், மிச்சம் நாளைக்கு.

ஜனவரி 15, ஞாயிறு. பொங்கல்

நான் பிறந்தது சாவகச்சேரி. எங்கள் பொங்கல் முற்றத்தில் பெரிய கோலம் போட்டு, உலக்கையால் சதுரம் கீறி, சூரியன் எழும்பும் நேரம் பார்த்துப் பானை பொங்கும். இங்கே முற்றம் என்பது லயத்துக்கு முன்னால் ஓடும் ஒடுக்கமான வாசல், ஒரே நீளம். அதில் இருபதடிக்கு ஒரு அடுப்பு. கோலங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதால் பிள்ளைகள் எல்லை பற்றிச் சண்டை போட்டு, கடைசியில் சேர்த்தே வரைந்துவிட்டார்கள். சூரியனைத்தான் காணவில்லை. மலைமுகட்டில் புகார். மார்கழி முழுக்க விடியுமுன் எழும்பிப் பஜனை பாடிய பிள்ளைகள் இன்றைக்கும் கோயிலடியிலிருந்து பாடிக்கொண்டு வந்தார்கள். பானை பொங்கிச் சரிந்து வெகுநேரத்துக்குப் பிறகுதான் வெளிச்சம் வந்தது. சூரியனுக்குப் படைத்ததைச் சூரியன் ஆறவிட்டுச் சாப்பிட்டது என்று அக்காவின் மகள் சொன்னாள். அவளுக்குப் பத்து வயது, அச்சகத்தில் வேலை வாங்கிக் கொடுக்கலாம்.

எந்தப் பானை யாருடையது என்பது பொங்கும்வரைதான். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கரண்டி எல்லா வீட்டுக்கும் போனது. வேதக்காரர் வீட்டிலும் பொங்கினார்கள். நான் பதினெட்டு வகைப் பொங்கல் தின்று சாயத்தண்ணி குடித்துச் சுவரில் சாய்ந்துவிட்டேன். ஒன்றில் உப்புக் கூட. எந்த வீடு என்று சொல்லமாட்டேன், நாளைக்கும் இங்கேதான் இருக்க வேண்டும்.

குசினி வாசலில் கால் துடைக்க ஒரு அரிசிச் சாக்கு கிடந்தது, தமிழ்நாட்டிலிருந்து வந்த நிவாரண அரிசிச் சாக்கு. 2022 மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்தது. தமிழ்நாட்டு அரசு அனுப்பியது மொத்தம் 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும். பத்திரிகையில் அது பெரிய தலைப்பு. இங்கே அதற்கு ஒரு வீட்டுக் கதை இருக்கிறது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதாக இரண்டு பிரதமர்களும் கையெழுத்திட்டார்கள், இந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அம்மாயியின் அண்ணன் குடும்பம் இந்தியா எழுதிக் கொடுத்துப் போனது. கூடலூரில், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு வைத்த தேயிலைத் தோட்டத்தில் அங்கேயும் அதே கொழுந்து. அரிசி வந்தபோது அம்மாயிக்கு அது அரசாங்க அரிசியாகத் தெரியவில்லை. "எங்கண்ணன் வீட்டு அரிசி" என்று ஒரு பிடி எடுத்து முடிந்து வைத்திருக்கிறார். அந்த ஒரு பிடியை இன்று பானையில் போட்டார்.

மத்தியானம் தண்ணீர்த் தாங்கியடியில் எல்லாரும் கூடி கூடலூருக்கு வட்ஸ்அப் வீடியோ கோல் எடுத்தோம். அந்தப் பக்கத்திலும் புகார், அந்தப் பக்கத்திலும் பானை. அண்ணன் இறந்துவிட்டார், அவர் மகன் பேசினார். "அத்தை, கஷ்டம் தீந்துச்சா?" என்று கேட்டார். "தீருமாய்யா அது? ஆனா பொங்கிட்டோம்" என்றார் அம்மாயி. அதற்குப் பிறகு யார் எவ்வளவு நரைத்துவிட்டார்கள் என்றுதான் பேச்சு.

பின்னேரம் அம்மாயி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஒங்க ஊர்ல தோட்டத்துப் புள்ளைங்களை வீட்டு வேலைக்கு வச்சிருப்பாங்களே, இப்பவும் இருக்காங்களா?" சாவகச்சேரியில் என் அம்மம்மா வீட்டில் அப்படி ஒரு அக்கா நின்றார். எனக்குத் தலை பின்னிவிட்டவர். எந்தத் தோட்டம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பொங்கலுக்கு அவருக்குப் புதுச்சட்டை கிடைக்கும், பயணம் கிடைக்காது. இருந்ததை இருந்தபடி சொன்னேன். அம்மாயி தலையாட்டினார். "பொங்கலுக்கு அடுப்படியில நின்னுருக்கும்" என்றார். கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நன்றியைப் பற்றி நாம் எழுதும்போதெல்லாம் நமக்குக் கிடைத்ததைத்தான் பட்டியல் போடுகிறோம், யாரிடமிருந்து எடுத்தோம் என்ற பத்தி எப்போதும் வெட்டுப்பட்டுப் போகிறது. ஒப்புநோக்குகிறவள் சொல்கிறேன்.

ஜனவரி 16, திங்கள். மாட்டுப் பொங்கல்

செவலையைப் பார்த்தேன். என் லீக்ஸைத் தின்று சலித்த மாடு.

கொம்புக்கு நீலச்சாயம், கழுத்தில் செவ்வந்தி மாலை, நெற்றியில் எனக்கு வைத்ததைவிடப் பெரிய பொட்டு. பட்டியைக் கழுவி, வாழையிலையில் பொங்கல் வைத்தார்கள். இந்த மாடு இல்லாவிட்டால் 2022 எப்படி இருந்திருக்கும் என்பதற்குக் கற்பனையே வேண்டாம் என்றார் அக்கா. பாலை லொறிக்கு ஊற்றிய காசில்தான் மா வாங்கியிருக்கிறார்கள். உரம் இல்லாத காலத்தில் சாணத்துக்கு வந்த கிராக்கியில், முன்பு திரும்பிப் பார்க்காத ஆட்கள் எல்லாம் டவுனிலிருந்து சாக்கோடு வந்து நின்றார்களாம். "துரை வீட்டு ரோசாச் செடிக்கும் இவதான் போட்டா" என்று பெருமை.

நானும் ஒரு கைப்பிடி பொங்கல் ஊட்டினேன். கையை நக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஒரே மூட்டையில் தின்றவர்கள் என்ற உறவு அதற்குத் தெரியவில்லை.

இன்றைக்கு வேறு விசேஷம் இல்லை. மழை தூறியது. அக்காவோடு கடைசிக் காம்பராவுக்குப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்தோம், பால்மா பிரிக்காமல் இருந்தது. பிள்ளை பிறந்தபிறகு என்று எடுத்து வைத்திருக்கிறாள். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கொப்பியைத் தலைவர் காட்டினார். மாதாமாதம் வீட்டுக்கு இவ்வளவு என்று பிடிக்கிற காசு. 2022 இல் சங்கமே தன் விதியை மாற்றி, சாகாதவர்களுக்கும் கடன் கொடுத்திருக்கிறது. "செத்தப்புறம் குடுத்து என்னாங்க பண்ண?" என்றார். முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டதாம். மிச்சம் யார் யார் என்று கொப்பியில் இருக்கிறது, ஒருவரும் சத்தமாக வாசிப்பதில்லை.

ஜனவரி 17, செவ்வாய். திரும்பும் கோச்சியில்

காலையில் பை கட்டிக்கொண்டிருக்கும்போது தலைவரும் கோயில் கமிட்டிக்காரர் இருவரும் வந்தார்கள். கையில் கொப்பித்தாள். மாசித் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும். போன வருஷம் நோட்டீஸ் அடிக்க வழியில்லாமல் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துப் பலகையில் சோக்கால் எழுதிப் போட்டார்களாம், மழை வந்து தீர்த்தத் திருவிழாவை அழித்துவிட்டது. இந்த வருஷம் விடமாட்டார்கள். இந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக மலையேறத் தொடங்கி 200 வருஷம், 1823 இலிருந்து கணக்கு. அதையும் நோட்டீஸின் தலையில் போட வேண்டும் என்றார்கள்.

"அச்சுக்கூலி நான் பார்த்துக்கொள்ளுறன் ஐயா" என்றேன்.

"ஓசி வேணாங்க" என்றார் தலைவர். "ஓசில அடிச்சா எழுத்துப் பிழை வரும். அப்புறம் யார்கிட்டப் போயி கேக்குறது?"

முதலாளிக்குப் போன் போட்டேன். கடதாசி விலை சொன்னார். தலைவர் பாதி சொன்னார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பொய் சொல்லி ஒரு தொகைக்குக் கொண்டுவந்தேன். அக்கா என்னை முறைத்தார், இன்னும் நூறு குறைத்திருக்கலாமாம். கட்டும் பகுதியை மறுபடி திறக்கும் பேச்சு அடிபடுகிறது என்று முதலாளி போனிலேயே சொன்னதை அக்காவிடம் சொன்னேன். "திறக்கட்டும், பாப்போம்" என்றார். ஒரு தடவை பூட்டிய கதவு, அவர் அப்படித்தான் சொல்வார்.

கோச்சியில் உட்கார இடம் கிடைத்துவிட்டது. கொப்பித்தாளை எடுத்துப் பிழை பார்க்கத் தொடங்கினேன். காலடியில் மூட்டை, இந்தத் தடவை சந்தையில் நல்ல விலை போகிற லீக்ஸ். உபயகாரர் பட்டியலில் நான்காவது வரி: "ஆறாம் நாள் பானக்கம், மோர் உபயம் - வெள்ளவத்தை அம்மாவும் மகளும்." என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. எதிரே, வேறொரு பேனையால், தொகையும் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் அதிகம்தான். நாளைக்கு அக்காவுக்குப் போன் போட்டு ஒரு ஆயிரமாவது குறைக்கப் பார்க்க வேண்டும்.